மூக்கின் எடை

ஜீப்பின் ஹெட்லைட் இரண்டும்
ரோட்டை மறந்துவிட்டு
யூக்கலிப்டஸ் உச்சியைப் பார்த்தபடி வந்த இரவில்
ஹிரியன் சொன்னான்:
கொக்கிய மாத்தணும்.

பின்னால் வருவது கேரட் கழுவும் டிரம்.
இரண்டு சக்கர டிரெய்லரில் ஏற்றி
தோட்டம் தோட்டமாய் இழுத்துப் போகிறோம்.
மூட்டைக்குப் பதினெட்டு ரூபாய்.
எனக்குப் பாதி, அவனுக்குப் பாதி,
டீசலுக்கும் ஒரு பாதி.
கணக்கு எப்படி என்று கேட்காதீர்கள்.

பெட்போர்டில் சூசைநாதன் பட்டறை.
தார்ப்பாயில் மூன்று ஜோடி வில்கம்பிகளைப் பரப்பி
வளையல் காட்டுகிறவர் மாதிரி
ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

பெருசே போடுங்க, என்றான் ஹிரியன்.

பெருசு வளையாது, தம்பி.
வளையாத கம்பி பாரத்தைப் பங்கு போடாது,
குழிக்குக் குழி முதுகில் உதைக்கும்.
சின்னது எல்லாத்துக்கும் சரி சரின்னு வளையும்,
முன்சக்கரத்துக்கு ஒண்ணும் போய்ச் சேராது.
டிரெய்லர் மூக்கு எத்தனை கிலோ?
அதச் சொல்லுங்க மொதல்ல.

கேரட்டின் எடை தெரியும்,
கேரட்டில் ஒட்டிய மண்ணுக்கு எவ்வளவு கழிப்பார்கள் என்று தெரியும்.
மூக்கை யார் நிறுத்துப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கேத்தி பாலாடாவில்
மண்டித் தராசைக் கேட்டு வாங்கினோம்.
சக்கரத்துக்குக் கல் கொடுத்து
மூக்கை மெல்ல மேடையில் இறக்கினால்
சிவப்பு எண்கள் தடுமாறி
நூற்றுப் பன்னிரண்டில் நின்றன.
மொத்தம் ஆயிரத்து நாற்பது.
பத்தில் ஒன்றுக்குச் சற்று மேலே.

முன்பாரம் கொஞ்சம் இருக்கணும்,
பின்பாரம் ஆளையே தூக்கிரும்,
என்றாள் சீட்டு எழுதும் யோகராணி.
மாட்டு வண்டியில் ஏறியவள் இல்லை.
மூன்று மாடிக்கு கேஸ் சிலிண்டர் சுமந்தவள்.

நடுக் கம்பிதான் என்று முடிவானது.
ஏழாயிரம். நாலு ரொக்கம், மூன்று கடன்.
டிரெய்லரை மாட்டியதும்
நாலு விரல் எழும்பிய ஜீப்பின் முகம்,
சங்கிலியை ஐந்தாம் கண்ணியில் பூட்ட
மூன்று விரல் இறங்கியது.
வெளிச்சம் ரோட்டுக்குத் திரும்பியது.
இப்பத்தான் கைக்கு வருது, என்று
ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்தான் ஹிரியன்.

புதன் சாயங்காலம் காட்டேரி ஏற்றம்.
கடைசித் தோட்டம் முடித்துத் திரும்புகையில்
பின்னால் ஆடத் தொடங்கியது,
முதலில் மாவு சலிக்கிற மாதிரி,
பிறகு ஜீப்பையும் சேர்த்துச் சலித்தது.
எதிரே மஞ்சூர் பஸ்.
பிரேக்கத் தொடாத, தொடாத, என்று கத்தினேன்.
தொடாமல் காலைத் தூக்கினான்.
பஸ்ஸின் ஜன்னலோரக் கைகள் எல்லாம்
ஒரே நேரத்தில் உள்ளே போயின.

ஓரம் கட்டிவிட்டு
சூசைநாதனைத் திட்டினோம்,
பட்டறையைத் திட்டினோம்,
ஐந்தாம் கண்ணியா நாலாம் கண்ணியா என்று
எங்களுக்குள் திட்டிக்கொண்டோம்.

வாய் ஓய்ந்த பிறகும்
ஒரு சத்தம் ஓயவில்லை.
களக். களக்.

காலையிலிருந்து கழுவியதில்
டிரம்மில் தங்கிவிட்ட தண்ணீர்.
ஒரு குடம் இருக்கும் என்று நினைத்தோம்,
பத்துக் குடத்துக்குக் குறையாது.
ஏற்றத்தில் பின்னால் ஓடி மூக்கைத் தூக்கும்,
இறக்கத்தில் முன்னால் வந்து
எங்கள் மடியில் உட்காரும்.
நாங்கள் நிறுத்ததோ
வெறும் டிரம்மை, மண்டியின் சிமெண்டுத் தரையில்.
இந்த ஊரில் சமதரை
அந்த முற்றம் ஒன்றுதான்.
அங்கே போட்ட எடை
மேட்டில் செல்லாது.

கம்பிக்கு ஏழாயிரம் கொடுத்தோம்.
அடைப்பானைத் திருக
அரைச் சுற்று போதும்.

சிவந்த தண்ணீர் புகையாய்ப் பாய்ந்து
சாக்கடையைத் தாண்டி, வளைவைத் தாண்டி
கேரட் நுனிகளோடு இறங்கிப் போனது.
கீழே நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்ற ஒருத்தி
செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு
அண்ணாந்து எங்களைப் பார்த்தாள்.
ஹிரியன் கும்பிட்டான்.
நான் சங்கிலியைப் பிடித்து
கண்ணிகளை மறுபடி எண்ணுவது போல
குனிந்துகொண்டேன்.